கேட்காமலே சொல்ல வேண்டியவை

எந்தக் கிரயப் பத்திரத்தை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். கிரயத் தொகை, வாங்குகிறவர் பெயர், சொத்து வந்த வழி எல்லாம் எழுதி முடித்த பிறகு ஒரு வாசகம் வரும். இந்தச் சொத்தின் பேரில் முன் கிரயம், அடமானம், தானம், கோர்ட் ஜப்தி, மைனர் பாத்தியம் முதலான எந்த வில்லங்கமும் கிடையாது, பின்னிட்டு ஏதாவது கிளம்பினால் என் சொந்தச் செலவில் நானே முன்னின்று தீர்த்துத் தருகிறேன் என்று விற்கிறவர் உறுதி சொல்லும் வாசகம். திண்டிவனத்தில் பத்திரம் எழுதிப் பிழைத்த காலத்தில் அதை எத்தனை ஆயிரம் முறை எழுதியிருப்பேனோ தெரியாது. இளவட்டத்தில் கை தானாக ஓடும். எழுத்து முத்து முத்தாக விழ வேண்டும், அடித்தல் திருத்தல் இருக்கக் கூடாது, அதுதான் அந்த வயதில் எனக்குப் பெரிய சங்கதி. ஒரு மனிதர் இன்னொரு மனிதரிடம் வாய் திறந்து சொல்ல வேண்டியது அத்தனையும் அந்த ஒரு வாசகத்துக்குள் அடங்கியிருக்கிறது என்பது போகப் போகத்தான் புரிந்தது.

மறைவாக இருப்பதை வெளியே கொண்டுவருவதற்கு நம் ஜனங்களிடம் பேச்சுக்குப் பஞ்சமில்லை. சட்டப் புத்தகம் வெளிப்படுத்துதல் என்கிறது. அரசாணை வெளியிடுதல் என்கிறது. பத்திரிகையில் அம்பலம் என்று போடுகிறார்கள். எங்கள் பக்கத்துத் திண்ணைகளிலும் டீக்கடைகளிலும் வேறு மாதிரி. போட்டு உடைத்துவிட்டான், புட்டுப் புட்டு வைத்துவிட்டான், காட்டிக் கொடுத்துவிட்டான், வாய் தவறி விட்டுவிட்டான், மனசு விட்டுச் சொல்லிவிட்டான். செய்த காரியம் எல்லாவற்றிலும் ஒன்றுதான். ஆனால் மனசு விட்டுச் சொன்னவரைக் கூப்பிட்டு உட்கார வைக்கிற ஊர், காட்டிக் கொடுத்தவர் வந்தால் எழுந்து போய்விடுகிறது. யார் சொன்னார், யாரிடம் சொன்னார், எந்த நேரத்தில் சொன்னார் என்று ஊர் பார்க்கிறது. ஊர் பார்ப்பது சரி என்றுதான் நான் நினைக்கிறேன். என் தொழில் முழுக்க அந்த மூன்று கேள்விகளைச் சுற்றித்தான் நடந்தது.

பதிவு அலுவலகத்தில் புத்தகங்கள் உண்டு. 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம் அவற்றுக்கு எண் கொடுத்து வைத்திருக்கிறது. நிலம், வீடு சம்பந்தமான கிரயம், அடமானம், செட்டில்மென்ட், பாகப்பிரிவினை எல்லாம் 1-ஆம் புத்தகத்தில் ஏறும். கட்டணம் கட்டி மனுப் போட்டால் யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம். சொத்துக்காரராக இருக்க வேண்டும் என்பதில்லை. அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்துத் தருகிற சுருக்கம்தான் வில்லங்கச் சான்று. ஜனங்கள் வாயில் இ.சி. நான் தொழிலுக்கு வந்த புதிதில், கிராமத்தின் பெயரையும் சர்வே எண்ணையும் வைத்துக்கொண்டு அட்டவணைப் புத்தகத்தில் விரல் வைத்து வருஷம் வருஷமாகக் கையால் தேடுவார்கள். பழுப்பேறிய தாளில் எலிப்புழுக்கை வாடையோடு சேர்ந்து ஒரு குடும்பத்தின் கதையே இறங்கி வரும். மகள் கல்யாணத்துக்கு அடமானம், மறு வருஷம் மல்லாட்டை நன்றாக விளைந்து மீட்சி, அப்புறம் அண்ணன் தம்பி பாகம். இப்போது அதே விவரத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் செல்போனிலேயே பார்த்துவிடுகிறார்கள். நல்ல காரியம்.

ஆனாலும் இ.சி.க்குத் தெரிந்தது பதிவானது மட்டும்தான். வாய்ப்பேச்சாகப் பிரித்துக்கொண்ட பாகம், கிணற்றில் யாருக்கு எத்தனை நாள் முறை, அக்காளுக்குத் தருகிறேன் என்று அப்பா கண்ணை மூடும்போது சொன்ன பத்துக் குழி, பதிவு செய்யாத உயில், நடந்துகொண்டிருக்கிற வழக்கு, இதெல்லாம் அதில் வராது. பொது அதிகாரப் பத்திரம்கூட ஒரு காலத்தில் 4-ஆம் புத்தகத்தில் ஏறிக்கொண்டிருந்ததால் இ.சி.யில் தலைகாட்டாது. ஆகவே, முப்பது வருஷ இ.சி. சுத்தமாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், சரி, இ.சி.யில் இல்லாதது என்ன இருக்கிறது என்று கேட்பேன். அந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக் கொடுத்தவர் மயிலம் பக்கத்து ஆயா ஒருவர்.

கொல்லையில் மல்லாட்டை பிடுங்கி முடித்து நிலம் சும்மா கிடந்த காலம். ஒரு காணி, அதாவது ஏக்கர் கணக்கில் ஒன்று முப்பத்திரண்டு, கைமாறுவதாகப் பேசி அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. விற்கிறவர்கள் தாயும் மகனும். வாங்குகிறவர் மரக்காணம் பக்கத்துப் பையன். சவூதியில் வேலை பார்த்துச் சேர்த்த பணமும், பெண்டாட்டி நகையில் தாலிக்கொடி நீங்கலாக மற்றதை விற்ற பணமும் சேர்த்துக் கொண்டுவந்திருந்தார். முதல் நிலம். மஞ்சள் பையை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்த விதத்திலேயே அது தெரிந்தது. இ.சி. சுத்தம். பட்டா சரி. பத்திரத்தை வாசித்துக் காட்டிவிட்டேன். மகன் கையெழுத்துப் போட்டாயிற்று. ஆயாவுக்குக் கைநாட்டு. இடது கட்டைவிரலை மைப்பெட்டியில் அழுத்தி எடுத்து, பக்கத்தின் ஓரத்துக்குக் கொண்டுபோகிற நேரத்தில் அவர் கையை நிறுத்திவிட்டார்.

"ஏண்டா, அந்தப் புள்ளகிட்ட வழி சமாச்சாரத்த சொல்ட்டியா?"

மகன் முகம் மாறிவிட்டது. "அத எதுக்கும்மா இப்ப? நீ வெரல வையி."

ஆயா விரலை வைக்கவில்லை. மை புடவையில் பட்டுவிடாமல் கையைத் தள்ளிப் பிடித்தபடியே அந்தப் பையன் பக்கம் திரும்பினார். "யப்பா, ரோட்டுலேர்ந்து நம்ம கொல்லைக்கு நீ நடந்து வந்த பாத இருக்குதே, அது நம்மளுது இல்ல. பக்கத்துக் கொல்லைக்காரருது. எங்க வூட்டுக்காரரும் அவரும் தோஸ்து, அதனால வண்டி மாடு ஓட்ட விட்டாரு. இவரு போயிட்டப்பறம் எம் பையனுக்கும் அவருக்கும் பேச்சு வார்த்த இல்ல. போன தையிலியே, இனிமே இந்தப் பக்கம் மாடு வரக்கூடாதுன்னு சொல்ட்டாரு. இதத் தெரிஞ்சிக்கினு வாங்கறதுன்னா வாங்கு."

எல்லாரும் அப்படியே உட்கார்ந்துவிட்டோம். பையன் நிலம் பார்க்கப் போனது கோடையில். கொல்லையெல்லாம் வெறுந்தரை, எந்தப் பக்கம் நடந்தாலும் வழிதான். விதைப்புக் காலத்தில் போயிருந்தால்தான் வேலி எங்கே, வரப்பு எங்கே, கலப்பையை எப்படி உள்ளே கொண்டுபோவது என்று தெரிந்திருக்கும். ஒருவர் தயவில் விட்ட வழி எத்தனை வருஷம் நடந்தாலும் பாத்தியம் ஆகாது. நம்முடையது என்று கேட்டு நடக்க வேண்டும், தடையில்லாமல் இருபது வருஷம் நடந்திருக்க வேண்டும், அப்போதுதான் 1882-ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டம் துணைக்கு வரும். இங்கே இருந்தது வெறும் சிநேகிதம். சிநேகிதர் போனார், வழியும் போயிற்று. பத்திரத்தில் இல்லை, இ.சி.யில் இல்லை, பட்டாவில் இல்லை. அந்த ஆயாவின் வாயில் மட்டும் இருந்தது.

பையனோடு வந்தவர்கள் அட்வான்ஸைத் திருப்பி வாங்கு என்று குதித்தார்கள். அவர் வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தார். "ஆயா, அந்தப் பெரியவர நான் பாக்கலாமா?" என்று கேட்டார். மகன் வர மறுத்துவிட்டார். ஆயா விரலில் இருந்த மையைத் தலையில் தேய்த்துக்கொண்டு, டவுன் பஸ்ஸில் பையனையும் கூட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

அங்கே நடந்ததைப் பின்னால் அவரே சொன்னார். பக்கத்துக் கொல்லைக்காரர் முதலில் முகம் கொடுக்கவில்லையாம். இவர் திண்ணையில் உட்கார்ந்து, நிலத்த விக்கறேன், ஒன்ன ஒரு வார்த்த கேக்காம விக்க மனசு வரல என்று சொன்னாராம். அந்த ஒரு வார்த்தையைத்தான் அவர் எதிர்பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். வரப்பை ஒட்டி எட்டடி அகலத்துக்கு ரோடு வரைக்கும் விலைக்கே எழுதிக் கொடுக்கச் சம்மதித்துவிட்டார். அந்தத் தொகை மகனுக்குச் சேர வேண்டியதில் கழிந்தது. அடுத்த நல்ல நாளில் இரண்டு பத்திரம் எழுதினேன். ஆள், மாடு, வண்டி, கலப்பை, டிராக்டர் போக வர என்று நான் எழுத, அந்தப் பெரியவர் குறுக்கிட்டு, அறுப்பு மிஷினையும் சேர்த்துக்க, அதுவும் போகணும் இல்ல என்றார். அவர் வாயால் அது வந்தது எனக்குப் பெரிய நிறைவு. மகன் மட்டும் தாயோடு பல மாதம் பேசவில்லை. அந்த வருத்தம் ஆயாவுக்கு இருந்தது. அதை அவர் மறைக்கவில்லை.

எதற்காகச் சொன்னீர்கள், அந்தப் பையன்தான் கேட்கவே இல்லையே என்று ஒருநாள் கேட்டேன். "கேக்கறதுக்கு அவனுக்கு இன்னா தெரியும்? தெரிஞ்சாதான கேப்பான்?" என்றார்.

இதையேதான் சட்டமும் சொல்கிறது. வசதியுரிமைச் சட்டம் வந்த அதே 1882-லேயே வந்த இன்னொரு சட்டம் சொத்துரிமை மாற்றுச் சட்டம். அதன் 55-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். சொத்திலோ பாத்தியத்திலோ உள்ள முக்கியமான குறை விற்கிறவருக்குத் தெரிந்து, வாங்குகிறவருக்குத் தெரியாமல், சாதாரண கவனத்தில் அவரால் கண்டுபிடிக்கவும் முடியாமல் இருந்தால், விற்கிறவர் அதை வெளிப்படுத்தியே ஆக வேண்டும். அதே பிரிவு வாங்குகிறவரையும் விடவில்லை. விற்கிறவருக்கு அந்தச் சொத்தில் உள்ள உரிமையின் தன்மையையோ அளவையோ பற்றி, அவருக்கே தெரியாத, அதன் மதிப்பைக் கணிசமாகக் கூட்டுகிற சங்கதி வாங்குகிறவருக்குத் தெரிந்திருந்தால், அவரும் சொல்ல வேண்டும். தன் பங்கு கால் பங்குதான் என்று நினைத்துக்கொண்டு ஒரு விதவை விற்க வருகிறார், அவருக்குப் பாதி உண்டு என்பது வாங்குகிறவருக்குத் தெரியும் என்று வையுங்கள். வாயை மூடிக்கொண்டு கால் பங்கு விலைக்கு வாங்கிப் போகக் கூடாது. இந்த இரண்டு கடமையிலும் சொல்லாமல் விட்டாலே அது மோசடி என்று அந்தப் பிரிவு முடிவில் எழுதி வைத்திருக்கிறது. பொய் சொல்ல வேண்டியதில்லை, சும்மா இருந்தாலே போதும். அந்த ஆயாவுக்குப் பிரிவும் தெரியாது, எண்ணும் தெரியாது.

தனி மனிதருக்கு இருக்கிற கடமை ஆளுகிறவர்களுக்கும் உண்டல்லவா? அந்தப் பக்கம் நாங்கள் பார்த்தது நீண்ட இருட்டு. என் சின்ன வயதில் நிலக் கணக்கு கர்ணம் வீட்டில் இருக்கும். நம் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவர் வீட்டுத் திண்ணை ஓரம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நல்ல கர்ணங்களும் இருந்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவர் நல்லவரா என்பதைப் பொறுத்துத்தான் நம் கணக்கு நமக்குத் தெரியும் என்பது சரியான ஏற்பாடாகாது. 1980-இல் அந்தப் பழைய பதவிகளை அரசு ஒழித்தது. கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். அதே காலத்தில் யு.டி.ஆர். என்று சொல்கிற நிலப் பதிவேடு மேம்பாட்டு வேலையும் ஊர் ஊராக நடந்தது. அதில் சர்வே எண் மாறிப்போன குடும்பங்கள் அது மாறியதே தெரியாமல் உழுது, விதைத்து, அறுத்து, பேரன் பேத்தி எடுத்தார்கள். பேரன் கடன் வாங்கப் போகும்போதுதான் பட்டாவில் வேறு பெயர் இருப்பது தெரியும். அப்படி வந்தவர்கள் முகத்தை நான் மறக்கவில்லை.

பழைய காலத்தில் இப்படி இல்லை என்று சொல்ல விக்கிரவாண்டிப் பக்கமே சாட்சி இருக்கிறது. எண்ணாயிரம் என்ற ஊரின் பெருமாள் கோயிலில் முதலாம் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. அங்கே ஒரு வேதக் கல்லூரி நடந்தது. கீழ் வகுப்பில் 270 மாணவர்கள், மேல் வகுப்பில் 70 பேர், ஆசிரியர்கள் 14 பேர். சின்னவர்களுக்கு ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 6 நாழி நெல், பெரியவர்களுக்கு ஒரு குறுணி 2 நாழி. இந்தக் கணக்கு அத்தனையும் கல்லில் வெட்டி, போகிறவர் வருகிறவர் கண்ணில் படுகிற இடத்தில் இருக்கிறது. 7 நாழி என்று சொல்லி ஒன்றை ஒதுக்கவும் முடியாது, 5 நாழி அளந்துவிட்டு ஆறு என்று எழுதவும் முடியாது. கல்வெட்டு என்றால் ராஜாவின் புகழ் என்று நினைத்துக்கொண்டிருந்த நான், ஒரு வாத்தியார் அதைப் படித்துச் சொல்லக் கேட்டபோது அந்தக் கல்லை என் தொழில் பாட்டன் என்றே நினைத்தேன். அதற்குப் பக்கத்தில் இருக்கிற எசாலத்தில் 1987-இல் கோயில் திருப்பணியின்போது செப்புத் திருமேனிகளோடு ராஜேந்திரனின் செப்பேடுகளும் மண்ணுக்குள்ளிருந்து வந்தன. அவருடைய குரு சர்வசிவ பண்டிதர் எடுப்பித்த கோயிலுக்கு நிலம் விட்ட பத்திரம் அது. ஏதோ ஒரு ஆபத்துக் காலத்தில் யாரோ பயந்து புதைத்திருக்க வேண்டும். புதைத்தவர் திருடுவதற்காக மறைக்கவில்லை, காப்பதற்காக மறைத்தார். மறைவுக்கும் இரண்டு முகம் உண்டு.

அப்புறம் நம் காலத்தில் விடிந்தது. ஸ்வீடனில் 1766-லேயே அரசு ஆவணங்களை ஜனங்கள் பார்க்கலாம் என்று சட்டம் செய்துவிட்டார்கள். நமக்கு ரொம்ப நாள் ஆயிற்று. ராஜஸ்தான் கிராமங்களில் கூலிக்காரர்கள், எங்கள் பெயரில் எழுதிய கூலிப் பட்டியலைக் காட்டுங்கள் என்று கேட்டு உட்கார்ந்தார்கள். அவர்களோடு உட்கார்ந்தவர்களில் நம் சென்னையில் பிறந்த அருணா ராயும் ஒருவர். ஊர் நடுவே பந்தல் போட்டு அந்தப் பட்டியலை உரக்கப் படித்தபோது, செத்துப்போனவர்கள் பெயரிலும் கூலி போட்டிருந்தது வெளியே வந்தது. தமிழ்நாடு 1997-லேயே தகவல் அறியும் உரிமைக்கு ஒரு சட்டம் செய்தது; நாட்டிலேயே முதலில் செய்தது நாம்தான். ஆனால் அதில் விலக்குகள் மிகுதி. எங்களைப் போன்றவர்கள் கைக்கு அது வந்து சேரவில்லை. 2005-ஆம் வருஷத்து மத்தியச் சட்டம்தான் அந்த அக்டோபர் 12 முதல் கதவைத் திறந்தது. வெள்ளைத் தாளில் மனு, 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். எதற்காகக் கேட்கிறாய் என்று அதிகாரி கேட்கக் கூடாது. 30 நாளுக்குள் பதில். உயிரும் சுதந்திரமும் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரம்.

பத்திரம் எழுதுகிற கை மனு எழுதவும் பழகிற்று. யு.டி.ஆர். குளறுபடியில் சிக்கிய ஒருவருக்குப் பழைய பதிவேட்டின் நகல் கேட்டு எழுதிக் கொடுத்தேன். வந்த நகலைப் பிரித்துப் பார்த்தால், அவர் எண்ணும் பக்கத்து நிலத்து எண்ணும் இடம் மாறி எழுதப்பட்டிருந்தது. யாரும் கெடுதல் செய்யவில்லை. ஒரு எழுத்தரின் கைப்பிசகு. பக்கத்து நிலத்துக்காரர்தான் அபகரித்தார் என்று அவர் பல வருஷம் கறுவிக்கொண்டு திரிந்தார். அந்த ஒரு தாள் வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்தே மனுப் போட்டுத் திருத்திக்கொண்டார்கள். மறைந்து கிடக்கிற விவரம் நிலத்தை மட்டும் கெடுப்பதில்லை, பக்கத்து வீட்டுக்காரர் மேல் இருக்கிற நம்பிக்கையையும் கெடுக்கிறது.

அந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது 4-ஆம் பிரிவு. மனுப் போடுவதைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேசுகிறது. ஆனால் இந்தப் பிரிவு, ஒவ்வொரு அலுவலகமும் தன் வேலை, அதிகாரம், செலவு, திட்டத்தில் பயன்பெறுகிறவர்கள் என்று எல்லாவற்றையும் தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது. ஜனங்கள் இந்தச் சட்டத்தைத் தேடி வர வேண்டிய அவசியமே குறைய வேண்டும் என்கிறது. கேட்டால் தருகிறேன் என்பது பாதி நேர்மைதான். கேட்கத் தெரியாதவர் கதி என்ன? முதியோர் உதவித்தொகை நின்றுபோன கிழவர் எந்தப் பதிவேட்டைக் கேட்பது என்று எப்படி அறிவார்? மயிலத்து ஆயா சொன்ன அதே பேச்சு, தெரிந்தால்தானே கேட்பார். அந்தப் பிரிவை மட்டும் மனசார நடத்தினால் என்னைப் போன்ற மனு எழுதுகிறவர்களுக்கு வேலை இருக்காது. இருக்க வேண்டாம்.

இவ்வளவு சொன்னதால் எல்லாவற்றையும் எல்லாரிடமும் கொட்டிவிட வேண்டும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு மல்லாட்டை மூட்டையோ உளுந்து மூட்டையோ கொண்டுபோனவர்களுக்குத் தெரியும். மறைமுக ஏலத்தில் வியாபாரிகள் குவியலைக் கையில் அள்ளிப் பார்த்து, உரித்துப் பார்த்து, விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். பெட்டியைத் திறக்கிற வரைக்கும் ஒருவர் விலை இன்னொருவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் எல்லாரும் கூடிப் பேசி அடிமாட்டு விலைக்கு இறக்கிவிடுவார்கள். திறந்த பிறகு சபையில் எல்லாருக்கும் தெரியப் படிக்க வேண்டும். அந்தச் சில மணி நேரம் மறைவாக இருப்பதுதான் விவசாயிக்குக் காப்பு.

உயிலும் அப்படித்தான். பதிவு செய்த உயில் 3-ஆம் புத்தகத்தில் ஏறும். எழுதியவர் உயிரோடு இருக்கிற வரைக்கும் அவருக்கோ அவர் அனுப்பிய ஆளுக்கோ தவிர யாருக்கும் நகல் கிடையாது. பதிவு செய்யவும் வேண்டாம் என்றால் உறையில் போட்டு முத்திரை வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கலாம். எழுதியவர் போன பிறகு மனுப் போட்டால்தான் உறை பிரியும். விழுப்புரம் பெரியவர் ஒருவருக்கு நான் உயில் எழுதிக் கொடுத்தேன். அவரைக் கடைசிக் காலத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டது இளைய மகள். ஒருநாள் அந்தப் பெண் என்னைத் தேடி வந்து, அப்பா எனக்கு ஏதாவது எழுதியிருக்காராண்ணா, இருக்குன்னா இருக்குன்னு மட்டும் சொல்லுங்க என்று கேட்டது. அது பேராசையில் கேட்கவில்லை. வீட்டுக்காரர் வீட்டில் ஏச்சும் பேச்சும் கேட்டுக்கொண்டுதான் அப்பனுக்குக் கஞ்சி ஊற்றியது. ஒரு தலையசைப்புப் போதும், அதன் மனசு குளிர்ந்திருக்கும். நான் சொல்லவில்லை. "தங்கச்சி, அது அப்பாவோட வாய்தாம்மா. அவரக் கேளு" என்றேன். அது ஏமாந்து போனது இன்னும் எனக்கு வலிக்கிறது. ஆனால் ஒருவர் என்னிடம் வைத்துவிட்டுப் போனது என் சொத்து அல்ல. இரக்கப்பட்டுக்கூட எடுத்துக் கொடுக்க எனக்குப் பாத்தியம் இல்லை. அந்தப் பெண் போய் அப்பனைக் கேட்டதாகவும், அவர் சொன்னதாகவும் பின்னால் தெரிந்தது.

ஆக, அடுத்தவர் எதை நம்பித் தன் பணத்தையும் உழைப்பையும் போடப் போகிறாரோ அதைப் பற்றி நமக்குத் தெரிந்ததை, அவர் போடுவதற்கு முன்னால், அவர் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். அடுத்தவர் நம்மிடம் ஒப்படைத்ததை அவர் அனுமதி இல்லாமல் சொல்லக் கூடாது. இத்தனை வருஷத்தில் என் அறிவுக்கு எட்டியது இதுதான். நடுவில் கஷ்டமான இடங்கள் உண்டு. வரன் பார்க்கிறவர்கள் வந்து பக்கத்து வீட்டுப் பையனைப் பற்றிக் கேட்கும்போது எவ்வளவு சொல்வது என்று இன்றைக்கும் எனக்குத் திட்டமாகத் தெரியாது. குடிப்பான் என்றால் சொல்லிவிடுவேன். ஒரு காலத்தில் குடித்தான், விட்டுவிட்டான் என்றால், நீங்களே அவனிடம் பேசிப் பாருங்கள் என்பேன்.

இப்போது திண்டிவனத்தைச் சுற்றி எந்தப் பக்கம் பார்த்தாலும் மனைப்பிரிவு. சென்னை ரோட்டில், புதுச்சேரி ரோட்டில், கொடி கட்டி, ஆர்ச் வைத்து, வண்டியில் ஆளைக் கூட்டிவந்து காட்டுகிறார்கள். 2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டம் வந்த பிறகு, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்து, வரைபடம், அனுமதி, வழக்கு இருந்தால் அதன் விவரம் எல்லாவற்றையும் விற்பதற்கு முன்னாலேயே வெளியிட வேண்டும். ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். பார்த்துவிட்டு வாருங்கள் என்றுதான் வருகிறவர்களிடம் சொல்கிறேன். அதோடு, மழைக்காலத்தில் ஒருமுறை போய் நின்று பாருங்கள், பக்கத்தில் ஆடு மேய்க்கிறவரிடம் ஏரித் தண்ணீர் எதுவரைக்கும் வரும் என்று கேளுங்கள் என்றும் சொல்வேன்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. எந்த மனை ஏரி வரத்தில் இருக்கிறது, எந்தத் தெரு பழைய ஓடை என்று அந்த ஒரு ராத்திரியில் எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. சில மாதம் கழித்து ஒரு வாத்தியார் மனை ஒன்றை விற்க வேண்டி என்னிடம் யோசனை கேட்க வந்தார். மகன் படிப்புச் செலவு. அந்த மனையில் அப்போது இடுப்பளவு தண்ணீர் நின்றிருந்தது. வாங்க வந்தவர் சேலத்துக்காரர். அவருக்கு ஒன்றும் தெரியாது. இப்போது தரை காய்ந்து அடையாளமே இல்லை. "சொன்னா வெல போயிடுங்களே ஐயா" என்றார். போகும்தான் என்றேன். அவர் ரொம்ப நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுத் தன் செல்போனை எடுத்து, புயல் சமயத்தில் எடுத்த படத்தைக் காட்டினார். மனைக் கல்லின் தலை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. அந்தப் படத்தை அவர் என் எதிரிலேயே சேலத்துக்காரருக்கு அனுப்பினார். அவர் உடனே போனில் கூப்பிட்டு, எத்தனை நாள் நின்றது, எந்தப் பக்கமாக வடிந்தது என்று விவரமாகக் கேட்டார். விலை பேசியதில் ஆறில் ஒரு பங்கு குறைந்தது. இப்போது அங்கே வீட்டு வேலை நடக்கிறது. அஸ்திவாரத்தை ரோட்டு மட்டத்துக்கு மேல் நாலடி உயர்த்திக் கட்டுகிறார்கள்.